'ஆர்' எழுத்து இல்லாத ஜாகுவார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் இருந்து வெளியே வந்து காரை எடுக்கப் போனால், பையன் ஒருத்தன் அதைச் சுற்றி ஒரு வலம் வந்துகொண்டிருந்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், இருபத்திரண்டு வயசு இருக்கும். பின்பக்கம் போய் எழுத்தைப் படித்துவிட்டு, "அங்கிள், இது வெறும் எக்ஸ்கேயா? ஆர் இல்லையா?" என்றான். "இல்லப்பா, வெறும் எக்ஸ்கேதான்" என்றேன். அவன் முகத்தில் அப்படி ஒரு பரிதாபம். அங்கிள் காசு பத்தாமல் கீழே இருக்கிறதை வாங்கிவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டான்.

உண்மையைச் சொன்னால், அந்த 'ஆர்' எழுத்துக்கு நானும் ஆசைப்பட்டவன்தான். வாங்காமல் தப்பித்தேன் என்பதுதான் சரி. ஆனால் நம்மவர்கள் நிறைய பேர் இப்போது இந்த மாதிரி பழைய சொகுசு கூப்பே கார்களை நோட்டம் விடுகிறார்கள் என்பது வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்தாலே தெரிகிறது. புதிதாக இருந்தபோது 60 ஆயிரம் பவுண்டை ஒட்டி விற்ற கார், இப்போது 10 ஆயிரத்தை ஒட்டிக் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் கை அரிக்காது? அதனால், எந்த மாடலை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று நான் கற்றுக்கொண்டதை எழுதிவிடுகிறேன். பிரிட்டன் கணக்கு, பவுண்டு கணக்கு. மற்ற நாட்டில் இருப்பவர்கள் வரியை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது 2006-ல் இருந்து 2014 வரை வந்த ஜாகுவார் எக்ஸ்கே. இயன் காலம் வரைந்த உருவம். உடம்பு முழுக்க அலுமினியம். ரிவெட் அடித்து, பசை போட்டு ஒட்டிய கூடு. ஸ்போர்ட்ஸ் கார் என்று சிலர் சொல்வார்கள், அது தப்பு. இது கிராண்ட் டூரர். ரெண்டு பேர், அவர்களுடைய பெட்டிகள், ஒரே நாளில் 800 கிலோமீட்டர், இறங்கும்போது இடுப்பு வலி இருக்கக் கூடாது. இந்த வகைக் காரின் வேலையே அதுதான்.

இதில் பெரிய பிரிவு ரெண்டு. 2009 தொடக்கம் வரை வந்தது 4.2 லிட்டர் வி8. அதற்குப் பிறகு வந்தது 5.0 லிட்டர் வி8. ரெண்டிலுமே சாதா எக்ஸ்கே உண்டு, சூப்பர்சார்ஜர் வைத்த எக்ஸ்கேஆர் உண்டு. சாதா 4.2-க்கு சுமார் 300 குதிரைத்திறன், ஆர் என்றால் சுமார் 420. சாதா 5.0-க்கு 385, ஆருக்கு 510. 2011-ல் 550 குதிரைத்திறனோடு எக்ஸ்கேஆர்-எஸ் என்று இன்னொன்றும் விட்டார்கள். எண்களை வரிசையாகப் பார்த்தால் கண் தானாகக் கடைசி வரிக்குத்தான் போகும். எனக்கும் போனது.

2021 இலையுதிர் காலத்தில், எசெக்ஸ் பக்கம் ஒரு டீலரிடம் 2010 எக்ஸ்கேஆர் ஒன்றைப் பார்த்தேன். 19,500 பவுண்டு. கறுப்பு நிறம், 20 இன்ச் சக்கரம், கண்ணாடி மாதிரி பாலிஷ். என் சேமிப்பில் இருந்ததை வழித்துப் போட்டு, கொஞ்சம் கடன் வாங்கினால் எடுத்துவிடலாம். கிளம்புவதற்கு முன்னால், எங்கள் வீட்டுச் சின்ன டொயோட்டாவைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணாவுக்குப் போன் போட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஹாரோ பக்கம் சின்னதாகக் கராஜ் வைத்திருக்கிறார். வந்த புதிதில் இருந்து பழக்கம்.

"தம்பி, உந்தக் காரை வாங்குறது பெரிய விசயமில்லை. வாங்கின பிறகு உங்கட கையில எவ்வளவு காசு மிச்சம் இருக்கும்? அதை முதல்ல சொல்லுங்கோ" என்றார்.

ஒன்றும் இருக்காது அண்ணா என்றேன்.

"ஒண்டும் இல்லையெண்டால் அதை எடுக்காதேங்கோ. சரி, பார்க்கத்தான் போறீங்கள் எண்டால் போங்கோ. போன உடனே பானட்டில கையை வைச்சுப் பாருங்கோ. சூடாய் இருந்தால் திரும்பி வாங்கோ."

போனேன், கையை வைத்தேன். சூடு. நான் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே யாரோ எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்கள். "இப்பத்தான் கழுவ எடுத்துட்டு வந்தோம்" என்றார் விற்பனைக்காரர். கழுவின கார்தான், சந்தேகமில்லை.

சூடாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். 5.0 எஞ்சினின் முதல் சில வருடத்துக் கார்களில், சுமார் 2012 வரை, டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஒரு பலவீனம். அதன் முனை, தான் தள்ளுகிற கைடை மெல்ல மெல்லத் தின்றுவிடும். செயின் தளர்ந்துவிடும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முதல் சில நொடிகள் கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். எண்ணெய் ஏறி எஞ்சின் சூடானால் சத்தம் அடங்கிவிடும். அப்படியே விட்டால் ஒருநாள் எஞ்சினுக்கே உலை வைக்கும். சரிசெய்ய முன்பக்கம் முழுக்கப் பிரிக்க வேண்டும், சில ஆயிரம் பவுண்டு ஆகும். பிறகு வந்த பாகங்களில் கம்பெனியே இதைத் திருத்திவிட்டது. ஆகவே 5.0 கெட்ட எஞ்சின் என்று நான் சொல்ல வரவில்லை. செயின் மாற்றிய பில் கையில் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். பில் இல்லாத 5.0 என்பது விலை இன்னும் முடிவாகாத கார். 19,500 என்று எழுதியிருப்பார்கள், உண்மை விலை ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

4.2-ன் கதை வேறு. இந்த வி8 குடும்பம் 1996-ல் எக்ஸ்கே8 என்ற முந்தைய காரில் 4.0 லிட்டராக வந்தது. அப்போது அதற்கும் பாலாரிஷ்டம் இருந்தது. சிலிண்டர் உள்சுவரில் நிக்காசில் என்று ஒரு பூச்சு. பெட்ரோலில் கந்தகம் அதிகம் இருந்தால் அது அரித்துப்போனது. செயின் டென்ஷனர்கள் பிளாஸ்டிக், விரிசல் விட்டன. 2000-க்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திருத்தி, 4.2 ஆகி, அந்த 4.2-ஐயும் சில வருடம் ஓட்டிப் பழக்கிய பிறகுதான் 2006-ல் இந்த அலுமினிய உடம்புக்குள் வைத்தார்கள். ஐ.டி.-யில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். புது வெர்ஷன் வந்த அன்றைக்கே எவனாவது புரொடக்‌ஷனில் போடுவானா? பழைய வெர்ஷனின் கடைசி ரிலீஸ்தான் ராத்திரி நிம்மதியாகத் தூங்க விடும். 2007, 2008 எக்ஸ்கே 4.2 என்பது அந்தக் கடைசி ரிலீஸ்.

அதைத்தான் வாங்கினேன். ஷ்ராப்ஷயரில் ஒரு ஓய்வுபெற்ற பெரியவர் வைத்திருந்த 2008 வண்டி, 61 ஆயிரம் மைல், 11,200 பவுண்டு. பத்து மணிக்கு வரச் சொன்னவர், "எஞ்சினைத் தொடவில்லை, நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள்" என்றார். கேட்காமலே சொன்னார். ஒரு தடித்த ஃபைல் நிறைய பில். நான் அவரைக் கேட்ட கேள்விகளைவிட அவர் என்னைக் கேட்டவை அதிகம்: எங்கே நிறுத்துவாய், யார் பார்ப்பார்கள், மழைக்காலத்தில் ஓட்டுவாயா. கிட்டத்தட்ட பொண்ணு கேட்டுப் போன மாதிரிதான்.

அந்த ஃபைலில் ஒரு பில்லுக்காகவே காரை எடுத்திருக்கலாம். கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய பில். இதில் இருப்பது ஜெர்மனியின் இசட்எஃப் செய்யும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக். "ஆயுள் முழுக்க எண்ணெய் மாற்றத் தேவையில்லை" என்று கார் கம்பெனி சொல்லும். கியர்பாக்ஸ் செய்த இசட்எஃப்போ 80 ஆயிரத்தில் இருந்து ஒரு லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. கம்பெனி சொல்லும் ஆயுள் யாருடைய ஆயுள் என்று தெரியவில்லை. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியோடு ஃபில்டர் சேர்ந்தே வரும், மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும், அதனால் சிலர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். மாற்றிய காரில் கியர் விழுவது தெரியாது. மாற்றாத காரில் மெதுவாகப் போகும்போது பின்னால் இருந்து யாரோ லேசாகத் தள்ளுகிற மாதிரி இருக்கும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். அலுமினியம் துருப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரும்பு மாதிரி சிவக்காது, ஆனால் பெயிண்ட்டுக்கு அடியில் கொப்புளம் கட்டும். கதவு ஓரம், பானட் ஓரம், பின்கதவில் நம்பர் பிளேட்டைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். அடியில் முன்பக்கத்து சப்ஃபிரேம் இரும்புதான், அது நன்றாகவே துருப்பிடிக்கும். எம்ஓடி சோதனையின் பழைய ரிப்போர்ட்டுகளை அரசாங்க இணையதளத்தில் காரின் நம்பரை மட்டும் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். மூன்று வருடமாக "சப்ஃபிரேம் துரு" என்று அறிவுரை எழுதியிருந்து, உரிமையாளர் ஒன்றும் செய்யவில்லை என்றால், அவர் மற்றதை எப்படிப் பார்த்திருப்பார் என்று தெரிந்துவிடும். விபத்தில் அடிபட்ட காரை நான் எடுக்கமாட்டேன். 2017 அக்டோபரில் இருந்து 'எஸ்', 'என்' என்று பிரித்துக் குறிக்கிறார்கள். 'என்' என்றால் கூட்டுக்குப் பாதிப்பில்லை என்று அர்த்தம். ஆனால் ஒட்டி, ரிவெட் அடித்த அலுமினியத்தைச் சரியாக நிமிர்த்தத் தெரிந்தவர்கள் குறைவு. பாதசாரி மீது மோதினால் சின்ன வெடிமருந்து வெடித்து பானட்டைத் தூக்கிக் கொடுக்கும் அமைப்பும் இதில் உண்டு. அது ஒருமுறை வேலை செய்தால், செலவு பானட்டோடு நிற்காது.

டேஷ்போர்டில் திடீரென்று நாலைந்து எச்சரிக்கை ஒன்றாக வந்தால் பயந்துவிடாதீர்கள். எனக்கு முதல் குளிர்காலத்தில் வந்தது. ஹேண்ட் பிரேக் கோளாறு, சஸ்பென்ஷன் கோளாறு, என்னென்னவோ. என் மனைவி, "இதுக்குத்தானா இவ்ளோ ஆசைப்பட்டீங்க?" என்று கேட்ட அந்தத் தொனியை எழுத்தில் கொண்டுவர முடியாது. அண்ணா வந்து பார்த்தார். பேட்டரி வீக். 150 பவுண்டோடு முடிந்தது.

கன்வெர்ட்டிபிள் பற்றி ஒரே வரி: எனக்கு வேண்டாம். கூப்பேயில் பின்கதவு மொத்தமாக மேலே தூக்கும். ரெண்டு பெரிய பெட்டி, பின் சீட்டில் 20 கிலோ அரிசி மூட்டை, பக்கத்தில் ஒரு பெட்டி மாம்பழம் தாராளமாகப் போகும். பின் சீட்டின் உண்மையான பயன் அந்த மூட்டைதான். மனுஷன் உட்கார முடியாது. என் ஐந்து வயது மகள் உட்காருவாள், அவளுக்கு முன்னால் இருப்பவர் முழங்காலை மடக்கிக்கொண்டால். ஆகவே வீட்டில் வேறொரு கார் இல்லாதவர்கள் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். ஊரில் இருந்து வந்து ஒரு வருடம் ஆகாதவர்களும்தான். இந்திய லைசென்ஸ் வைத்து 12 மாதம் ஓட்டலாம். ஆனால் அந்த லைசென்ஸுக்கு இந்தக் காரை இன்ஷூர் செய்யக் கேட்டுப் பாருங்கள், பதிலே உங்களைத் திருத்திவிடும்.

வரி விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 2006 மார்ச் 23-க்கு முன்னால் பதிவான கார் என்றால், எவ்வளவு புகை விட்டாலும் சாலை வரி 'கே' பிரிவோடு நின்றுவிடும், வருடத்துக்கு 400 சொச்சம். அதற்குப் பிறகு பதிவான இதே கார் 700-ஐத் தாண்டும். எக்ஸ்கே விற்பனைக்கு வந்ததே அந்த நேரத்தில்தான் என்பதால், அந்தத் தேதிக்கு முன்னால் பதிவான சில கார்களைப் புதையல் மாதிரி தேடுகிறார்கள், ஆயிரம் ரெண்டாயிரம் கூடக் கொடுக்கிறார்கள். கணக்குப் போட்டால் வருடத்துக்கு 300 பவுண்டு லாபம். ஐந்து வருடத்துக்கு 1,500. அதை முன்கூட்டியே விற்பவரிடம் கொடுத்துவிட்டு, பராமரிப்பு சரியில்லாத காரை ஓட்டிக்கொண்டு வருவதில் என்ன சாமர்த்தியம்?

என்னுடைய கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். நாலு வருடத்தில் ரிப்பேர், டயர், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 5,900 பவுண்டு. வருடா வருடம் அந்த 700 சொச்சம் வரி தனி. ஊருக்குள் லிட்டருக்கு 8 கிலோமீட்டர், மோட்டார்வேயில் 10. மலிவு என்று யாராவது சொன்னால் அவர் எக்செல் திறந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். ஆனால் என் கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் புது ஜெர்மன் கார் ஒன்றை பிசிபி திட்டத்தில் எடுத்திருந்தார். 3,000 டெபாசிட், மாதம் 520 வீதம் 48 மாதம். மாதக்கட்டணம் மட்டுமே 24,960. முடிவில் 'பலூன்' தொகையைக் கட்டினால்தான் கார் அவருடையது, இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு நடக்க வேண்டும். சாவியைக் கொடுத்தார். இப்போது அடுத்த காருக்கு அடுத்த 48 மாதம் ஓடுகிறது. அதிக மைல் ஓட்டினால் அதற்குத் தனியாகக் கட்டணம் என்பதால், நீண்ட பயணத்துக்கு மனைவியின் காரை எடுத்துக்கொண்டு போவார். கார் பார்க்கிங்கில் நிற்பதற்கு மாதம் 520.

இன்னொரு தம்பியின் கதைதான் என்னை இதை எழுத வைத்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், என்னைவிட எட்டு வயது சின்னவன், ஸ்பான்சர் விசாவில் வந்தவன். நான் பார்த்துவிட்டு விட்டது மாதிரியே ஒரு 2010 எக்ஸ்கேஆர். 14 ஆயிரம் பவுண்டு பர்சனல் லோன் போட்டு எடுத்தான். முதல் ஆறு மாதம் அவன் போடாத ஸ்டேட்டஸ் இல்லை. ஏழாவது மாதம் காலையில் அந்தக் கடகட சத்தம் வந்தது. கராஜில் 4,000-க்கு மேல் கேட்டார்கள். கையில் இல்லை. அடுத்த மூன்றாவது மாதம் ஊரில் தங்கை கல்யாணம். காரை வீட்டு வாசலில் நிறுத்தினான், பதினோரு மாதம் நின்றது. ஓடாத காருக்கு மாதா மாதம் லோன் போய்க்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு நண்பர்களிடம் கைமாற்று வாங்கினான், நானும் கொடுத்தேன். அதற்கு நடுவில் அவன் கம்பெனியில் ஆள் குறைப்பு. வேலை போனால் விசாவைக் குறைத்து, வேறு ஸ்பான்சர் தேடப் பொதுவாக 60 நாள்தான் கொடுப்பார்கள் என்பது நம் ஆட்களுக்குத் தெரியாததில்லை. அந்த 60 நாளில் அவன் வேலை தேடினானா, ஓடாத காருக்கு ஆள் தேடினானா? கடைசியில் பாகங்களுக்காக வாங்குகிற ஒருவர் 6,500-க்கு எடுத்துக்கொண்டு போனார். தம்பிக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, இங்கேதான் இருக்கிறான். கார் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

விசாவில் இருப்பவன் கார் வாங்கும்போது அதை 60 நாளில் விற்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும். நல்ல பில் ஃபைலோடு இருக்கும் சாதா 4.2-ஐ விற்கலாம். அதை வாங்குகிறவர் பெரும்பாலும் வயசானவராக, பொறுமைசாலியாக, ஃபைலைப் படிக்கிறவராக இருப்பார். ஆர் வாங்க வருகிறவன் நம் தம்பி மாதிரிதான் இருப்பான், அவன் பாங்க் லோன் கிடைத்தால்தான் வருவான்.

சரி, இவ்வளவு சொல்கிறாயே, பிறகு ஏன் இந்தக் காரே வேண்டும், ஒரு டொயோட்டா போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் அப்பா கேட்டார். மதுரையில் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். வீடியோ காலில் காரைக் காட்டியபோது, "ரெண்டு கதவுதானாடா? அந்தக் காலத்து ஹெரால்டு மாதிரி?" என்றார். விலையைச் சொன்னதும், "யானையைக் கட்டித் தீனி போடுற வேலைடா இது" என்றார். பிறகு 2023 கோடையில் அம்மாவோடு வந்தார். வந்த மறுநாள் காலையில் நான் எழுந்து பார்த்தால் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறார். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, கைக்குட்டையில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, விரலில் தொட்டு மோந்து பார்த்தார். (5.0-ல் இந்தக் கம்பியே கிடையாது, திரைதான் சொல்லும். அப்பாவுக்கு அது தெரிந்திருந்தால் அங்கேயே பேச்சு முடிந்திருக்கும்.) "நல்லாத்தான் வச்சிருந்திருக்கான்" என்றார், அந்த ஷ்ராப்ஷயர் பெரியவரை. என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவரை மட்டும் கூட்டிக்கொண்டு ஹாமுக்குப் போனேன். ஜெர்மனியில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில், 2002-ல் எழுந்தது. தேர் சமயத்தில் ஐரோப்பா முழுவதும் இருந்து நம் சனம் வந்து குவிவது இங்கே எல்லோருக்கும் தெரியும். ரயில் சுரங்கம் தாண்டி, கலேயில் இருந்து பெல்ஜியம் வழியாக அங்கே சுமார் 500 கிலோமீட்டர். வெள்ளைக்காரப் பிரபுக்கள் அந்தக் காலத்தில் பாரிஸ், ரோம் என்று சுற்றியதைத்தான் 'கிராண்ட் டூர்' என்பார்கள். நமக்கு லா ஷப்பலும் ஹாமும். ஏ2 ஆட்டோபானில் வேகக் கட்டுப்பாடு இல்லாத ஒரு நீளத்தில் 190 தொட்டேன். அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறாரோ என்று பார்த்தால், "எஞ்சின் சத்தத்தைக் கேட்டுட்டு வர்றேன். பேசாம ஓட்டு" என்றார். அந்த 190-க்கு இந்த 300 குதிரை தேவைக்கு மேலேயே இருந்தது. 510 குதிரை அன்றைக்கு என்ன செய்திருக்கும்? அதே லாரிக்குப் பின்னால் நாலு நொடி முன்னதாகப் போய் நின்றிருக்கும். திரும்பி வரும்போது டாடா பேச்சு வந்தது. 2008-ல் டாடா ஜாகுவாரை ஃபோர்டிடம் இருந்து வாங்கியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. "நம்ம கம்பெனி கார்தான" என்று அதற்குள் சேர்த்துக்கொண்டார். இப்போது பனப்பாக்கத்திலேயே டாடா தொழிற்சாலை, அங்கே ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்கள் செய்யப்போகிறார்கள் என்று 2024-ல் அடிக்கல் நாட்டியபோது முதலில் போன் போட்டவரும் அவர்தான்.

எக்ஸ்கேஆர் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லக் கூடாது, அந்தச் சூப்பர்சார்ஜர் இழுக்கிற இழுப்பு வயிற்றைப் பிசையும். 20 ஆயிரம் காருக்கு, இன்னொரு 10 ஆயிரம் அதற்கென்றே ஒதுக்கி வைக்கிற நிலையில் இருந்தால், செயின் மாற்றிய பில்லோடு 2013 வண்டி ஒன்றைப் பார்த்து எடுங்கள், நானே கூட வருகிறேன். அந்த நிலையில் நம்மில் எத்தனை பேர்? வீட்டு லோன், ஊருக்கு அனுப்புவது, பிள்ளைகளின் ட்யூஷன் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் நமக்கு ஆசை. மிஞ்சுவது 15 ஆயிரம் என்றால் 15 ஆயிரத்துக்குக் கார் பார்க்காதீர்கள். 10-க்குப் பார்த்து, 5-ஐத் தொடாமல் வையுங்கள். அப்படி வைத்தால் கிடைப்பது ஒரு நல்ல சாதா 4.2. அதற்கு மேலே இருக்கிற எழுத்து கோயில் கார் பார்க்கிங்கில் நிற்பவர்களுக்காக.

அந்தப் பையன் அன்றைக்கு என் நம்பரை வாங்கிக்கொண்டு போனான். போன வாரம் ஒரு விளம்பரத்தின் லிங்க் அனுப்பியிருந்தான். 2010 எக்ஸ்கேஆர், 13,500, "ஒரே ஓனர், அங்கிள் என்ன நினைக்கிறீங்க?" ரெண்டு கேள்வி அனுப்பினேன். செயின் மாற்றிய பில் இருக்கா? வாங்கினதுக்கு அப்புறம் கையில எவ்வளவு இருக்கும்? முதல் கேள்விக்கு உடனே பதில் வந்தது, டீலரிடம் கேட்டுச் சொல்கிறானாம். இரண்டாவதற்கு இன்னும் வரவில்லை.